எத்தனை பிள்ளைகள்? ஊருக்குத் தெரியட்டும்

2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் இரண்டு எண்கள் நின்றன. நாட்டின் குழந்தைகள் இல்லங்களில் ஏறத்தாழ 4.73 லட்சம் பிள்ளைகள் இருப்பதாக 2016-17இல் மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பு சொன்னது. 2018 மார்ச்சில் அரசு தாக்கல் செய்த விவரமோ 2.61 லட்சம் என்றது. இடைப்பட்ட இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நீதிபதிகள் கேட்டார்கள். கணக்கெடுத்த முறை மாறியிருக்கலாம். இல்லங்கள் சில மூடப்பட்டிருக்கலாம். பல பிள்ளைகள் வீடு திரும்பியிருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்பதை அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்ல முடியாது என்பதே நம்மைக் கவலைகொள்ளச் செய்ய வேண்டும்.

அந்த வழக்குக்கு வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. இங்குள்ள அனாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவதாக எழுந்த புகாரை 2007இல் உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 மே 5 அன்று, நீதிபதி மதன் பி. லோகூர் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இல்லங்கள் அனைத்தும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும், தத்து, வளர்ப்புப் பராமரிப்பு போன்ற வழிகளையும் அரசுகள் நாட வேண்டும் என்றெல்லாம் அது ஆணையிட்டது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் இதையே சொல்கிறது. வேறு வழியே இல்லாதபோதுதான் ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்க்க வேண்டும். சொந்தக் குடும்பத்தில் வளர்வதே முதல் விருப்பம். வறுமை மட்டுமே தடையென்றால், குடும்பத்துக்கு நிதி ஆதரவு தரலாம். பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி வேறொரு குடும்பம் சில காலம் வளர்க்கலாம். இதுவே வளர்ப்புப் பராமரிப்பு. இந்த உதவிகளுக்கு மிஷன் வத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. 2024இல் வந்த புதிய வழிகாட்டுதலின்படி, மணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும் மணமுறிவு பெற்றவர்களும்கூட வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். வளர்க்கும் பிள்ளையைத் தத்தெடுக்க ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய நிலை மாறி, இப்போது இரண்டு ஆண்டுகள் போதும்.

சட்டம் இருக்கிறது, பணமும் ஒதுக்கப்படுகிறது. இவற்றால் பிள்ளைகள் உண்மையிலேயே இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குப் போய்ச் சேர்கிறார்களா? ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணி, அந்த எண்ணைப் பொதுவில் வைத்தால்தான் இதற்கு விடை தெரியும்.

மேட்டூர் அணையின் நிலவரத்தை நம் நாளிதழ்கள் எப்படி வெளியிடுகின்றன என்று பாருங்கள். நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம் என மூன்றும் இருக்கும். நீர்மட்டம் மட்டும் தெரிந்தால் விவசாயிக்குப் போதாது. பிள்ளைகளின் கணக்குக்கும் இந்த மூன்றும் வேண்டும். இன்று எத்தனை பேர் பராமரிப்பில் இருக்கிறார்கள்? இந்த ஆண்டு எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், ஏன் வந்தார்கள்? எத்தனை பேர் வெளியேறினார்கள், எங்கே போனார்கள்?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பர் 30 அன்று வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை மாநிலங்கள் மத்திய அரசுக்குத் தருகின்றன. வந்தவர்கள், போனவர்கள் விவரமும் சேர்ந்தே வருகிறது. 1999இல் சுமார் 5.67 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2012இல் நான்கு லட்சத்துக்குச் சற்றே கீழே இறங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அது மறுபடி ஏறியது. பெற்றோர் ஓபியாய்டு போதைக்கு அடிமையானது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டார்கள். பிள்ளையைப் பிரிக்கும் முன்பே குடும்பத்துக்குச் சிகிச்சையும் ஆதரவும் தர மத்திய நிதியைச் செலவிட வழிசெய்யும் சட்டம் 2018இல் வந்தது. 2023இல் எண்ணிக்கை சுமார் 3.43 லட்சம். அங்கேயும் குறைகள் தீர்ந்துவிடவில்லை. உறவினர் வீட்டில் ஏட்டில் ஏறாமல் விடப்படும் பிள்ளைகளை இந்தக் கணக்கு பிடிப்பதில்லை என்ற விமர்சனம் வலுவாக இருக்கிறது. ஆனாலும் தொடர்ந்து எண்ணியதால்தான் ஏற்றம் கண்ணில் பட்டது, காரணத்தைத் தேடவும் முடிந்தது.

எண்ணிக்கை குறைந்தாலே நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது இல்லங்களில் 2,27,518 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் 1,45,788 பேர் அந்த ஆண்டுக்குள்ளேயே பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ அனுப்பப்பட்டார்கள். ஏட்டில் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் வேலையும் கூலியும் இல்லாத வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை பள்ளிக்குப் போனதா, வேலைக்குப் போனதா? இந்தக் கவலையால்தான் அப்பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் உத்தரவிட்டது. இல்லத்தைவிட்டுப் போன பிள்ளை, கணக்கைவிட்டும் போய்விடக் கூடாது.

எண்ணிக்கை அதிகம் என்றால் கெட்ட பெயர் வரும் என்று அதிகாரிகள் தயங்கலாம். குறைந்தால் இல்லத்தை மூடச் சொல்வார்களோ என்று பல ஆண்டுகளாக அன்போடு இல்லம் நடத்துபவர்கள் அஞ்சலாம். இரண்டு அச்சமும் நியாயமானவையே. மாவட்டங்களை வரிசைப்படுத்திக் குற்றம் சொல்வதற்கான பட்டியலாக இந்தக் கணக்கு மாறிவிடாது என்ற உறுதியை அரசு முதலில் தர வேண்டும். பிள்ளைகளின் பெயரோ அடையாளமோ வெளிவருவதைச் சட்டம் தடுக்கிறது; அந்தக் காப்பு அப்படியே இருக்கட்டும். நாம் கேட்பது எண்ணிக்கையை மட்டுமே.

இந்த வேலையை அரசின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. இல்லங்களில் பிறந்தநாள் விருந்தும் நினைவுநாள் அன்னதானமும் தருகிறவர்கள் நாம். இல்லம் பதிவு பெற்றதா, இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்தோடு சேர்ந்தார்கள் என்று நிர்வாகியிடம் மரியாதையோடு கேட்கலாம். இல்லத்திலிருந்து ஊர் திரும்பிய பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்பதைத் தலைமையாசிரியரைவிட நன்றாக அறிந்தவர் யார்? கணவரை இழந்து கூலிக்குப் போகும் ஒரு தாய் தன் மகளை ஹோமில் விட்டுவிடலாமா என்று யோசிப்பது ஊராட்சி உறுப்பினர் காதுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் நிதி ஆதரவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போனால் அந்த மகள் வீட்டிலேயே வளர்வாள். கணக்கில் வரும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி யாரோ ஒருவர் செய்த உதவியோ செய்யத் தவறிய உதவியோ இருக்கிறது.

எனவே நம் கோரிக்கை இது. தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்து, இல்லங்களிலும் வளர்ப்புக் குடும்பங்களிலும் நிதி ஆதரவிலும் இருக்கும் பிள்ளைகளை மாவட்ட வாரியாக எண்ண வேண்டும். வந்தோர், போனோர், பதினெட்டு வயது நிறைந்து வெளியேறியோர் விவரத்தோடு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். கிராம சபைகளில் அந்தந்த ஊருக்கான குழந்தைகள் பாதுகாப்பு நிலவரமும் பேசப்பட வேண்டும். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சண்டையிட இதில் ஒன்றுமில்லை. அடுத்த கூட்டத்தொடரிலேயே எல்லாக் கட்சிகளும் சேர்ந்து இதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். அதைக் கொண்டுவரச் சொல்லி நம் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதும் வேலையை நாம் இந்த வாரமே தொடங்குவோம்.