மஞ்சள் கடுதாசியும் மாநிலங்களவையும்

கழுகுமலைக் கரிசலிலே வானம் பொய்த்தால் பருத்தி கருகும். பருத்தி கருகினால் கடன் வளரும். தந்தையின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மகன் தபால் குமாஸ்தாவா? மஞ்சள் கடுதாசி கொடுத்தால் அவன் வேலையும் ஊசலாடும்!

மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17ஆவது என்ன சொல்கிறது? கடனில் மூழ்காதே, திவால் வழக்கு வந்தால் உடனே அறிவி, ஊதாரித்தனத்தால் வந்ததல்ல என்று நீயே மெய்ப்பி! பெய்யாத மழையைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

வங்கிகளுக்குக் கோடி கோடியாகப் பாக்கி வைத்த விஜய் மல்லையா, 2016 மார்ச்சில் நாட்டை விட்டுப் பறந்தபோது மாநிலங்களவை உறுப்பினர்! லண்டன் நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என்றது 2021இல்தான்.

கடன்படுவது குற்றமல்ல, வஞ்சகமே குற்றம். வஞ்சகம் உண்டென்றால் அரசே மெய்ப்பிக்கட்டும்! அதுவரை உழைப்பவன் வேலையிலே கை வைக்காதே!