வாசற் செடிகளும் அடுப்படிப் பூனையும்

"அடுப்பிலே பூனை தூங்குகிறது" என்பது நம்மவரிடையே வழங்கும் பழைய பேச்சு. உலை வைக்க ஒன்றுமில்லாத வீட்டின் வறுமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இந்தப் பேச்சுக்கு வேறொரு பொருளும் உண்டு. தை, மாசி மாதங்களின் அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். அவ்வேளையில் இரவு எரிந்து ஓய்ந்த அடுப்பின் இளஞ்சூட்டுச் சாம்பலே லயத்துப் பூனைக்குப் பஞ்சணை. மலையகத்தில் அடுப்பிலே பூனை தூங்கினால் அது பசியாகவும் இருக்கலாம், குளிராகவும் இருக்கலாம். வாசலில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு விளங்காது. உள்ளே சென்று உட்கார்ந்து பேசியவருக்கே விளங்கும்.

என் அம்மாயி ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தின் தொங்கல் வீட்டில் வாழ்ந்து வந்தவர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு, பின்னே புகை படிந்த குசினி. இதுவே அவருடைய மாளிகை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைச் சென்று பார்ப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்த வாரத்துச் செய்தி முழுவதையும் அவர் சொல்லி முடித்துவிடுவார். அச்செய்திகளில் அரசியல் இராது, சம்பளப் பேச்சும் அரிது. டேலியாக் கிழங்கு முளை விட்டது, கொத்தமல்லியை மழை அடித்துப் போட்டது, புதினாவைப் பக்கத்து வீட்டுக் கோழி கிளறியது, சாம்பல் நிறப் பூனை அட்டலின் மேல் மூன்று குட்டிகள் ஈன்றது, அவற்றுள் ஒன்றுக்கு இன்னும் கண் திறக்கவில்லை என்பன போன்ற செய்திகளே இருக்கும். அடுத்த வாரம் சென்றால் அந்தக் குட்டிக்குக் கண் திறந்திருக்கும். அதைச் சொல்லும்போது அம்மாயியின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைக் கோவிலில் சாட்சி சொல்பவர்களிடத்திலும் நான் அதிகம் கண்டதில்லை.

அவருடைய செடிகள் பால்மாத் தகரங்களிலும் பழைய பெயின்ட் வாளிகளிலும் உடைந்த சட்டிகளிலும் வளர்ந்தன. லயத்தின் கோடிப்புறத்தில் பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு பாத்தி இருந்தது. அதில் நோக்கோலும் கீரையும் போஞ்சியும் முறை வைத்து விளைந்தன. கூரையோரம் சௌசௌக் கொடி ஏறியிருந்தது. தாத்தா துரை பங்களாவில் தோட்டவேலை செய்தவர். அங்கே வெட்டி எறிந்த கிளைகளையே மடியில் கட்டிக் கொண்டுவந்து தகரங்களில் ஊன்றினார் என்பார் அம்மாயி. மலையகத்தின் அநேக லயங்களில் பூத்து நிற்கும் ரோஜாவுக்கும் ஜெரேனியத்துக்கும் இத்தகைய வரலாறே இருக்கக்கூடும்.

எண்ணிப் பார்த்தால் இந்த மலைகளின் செல்வமெல்லாம் வெளியிலிருந்து வந்து வேரூன்றியவையே. கோப்பிப் பயிரை 1869 முதல் இலைத்துரு நோய் தாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். ஹக்கல தாவரவியற் பூங்கா 1861இல் சிங்கோனா மரங்களுக்காகத் தொடங்கப்பட்டது. டேலியாவும் சௌசௌவும் மெக்சிக்கோ நாட்டின் பிள்ளைகள். இவற்றுள் எதனையும் நாம் அந்நியச் செடி என்று அழைப்பதில்லை. ஆனால் அச்செடிகளை நட்டு நீரூற்றிய மக்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அந்நியராக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

அப்பங்கீட்டில் அம்மாயியின் பக்கத்து வீட்டாரும் புறப்பட்டுச் சென்றார்கள். பெட்டிகளைக் கட்டி முடித்த மாலையில் அந்த வீட்டுப் பெண் தன் ரோஜாத் தகரத்தை இடுப்பில் ஏந்தி வந்து அம்மாயியின் வாசலில் வைத்தாராம். "தண்ணி மட்டும் ஊத்துங்கக்கா" என்பதுதான் கடைசிப் பேச்சு. அவர் வளர்த்த பூனை மூன்று நாட்கள் பூட்டிய கதவின் முன்னே கத்திக்கொண்டிருந்துவிட்டு நான்காம் நாள் அம்மாயியின் அடுப்படிக்கு வந்து படுத்தது. போனவர்கள் எங்கே குடியேறினார்கள் என்பது தெரியாது. அந்த ரோஜாவின் கிளை வழிக் கிளையும், அந்தப் பூனையின் வழிவந்த பூனைகளும் அம்மாயியின் வீட்டில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தன.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். அப்பொழுது தன் பிள்ளைகளைக் காத்தவை சௌசௌக் காயும் அதன் கொழுந்தும் கீரையும் என்று அம்மாயி நன்றியோடு சொல்வார். 2022இல் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டி, கோதுமை மா எட்டாத விலைக்கு ஏறியபோதும் அந்தப் பாய் அளவுப் பாத்தியே மீண்டும் கைகொடுத்தது. ஆகவே வாசற் செடி என்பது கிழவியின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் தங்கள் எண்ணத்தைத் திருத்திக்கொள்வது நல்லது. நானும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அதை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் இத்தீவைத் தாக்கியது. நாடு முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் பெரிதும் சிதைந்தது மலையகமே. அம்மாயியின் லயத்துக்கு மேலிருந்த மலையிலும் வெடிப்புக் கண்டது. குடும்பங்கள் யாவும் பாடசாலைக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டன. மூன்றாம் நாள் அம்மாயியைக் காணவில்லை. தேடிச் சென்றபோது அவர் தன் பழைய வாசலில் குந்தியிருந்தார். நிவாரணமாகக் கிடைத்த சோற்றில் ஒரு பிடியைப் பூனைக்கு வைத்துவிட்டு, சாய்ந்து கிடந்த தகரங்களை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து பேசினேன். "பூனைக்காக உயிரை விடப் போகிறீர்களா? செடி இன்னொன்று நட்டால் முளைக்காதா?" என்று கேட்டேன். அவர் சினக்கவில்லை. "போகச் சொன்னா போறேன் சாமி. ஆனா போற எடத்துல பாத்தி கட்ட மண்ணு இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

அபாயமான சரிவுக்குத் திரும்பிச் சென்றது தவறே. அதில் எனக்கு ஐயமில்லை. அச்செயலை எவரும் பின்பற்ற வேண்டாம். ஆயினும் அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவு விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தை (எரேமியா 29) நாம் அறிவோம். அழுதுகொண்டிராமல் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணுங்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். நம் முன்னோர் அக்கடிதத்தைப் படிக்காமலே கைக்கொண்டவர்கள். ஆனால் அக்கடிதம் எழுபது ஆண்டுகளுக்கென்று எழுதப்பட்டது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். இருநூறு ஆண்டுகளாகத் தோட்டம் போட்டவனை இன்னும் நாடுகடத்தப்பட்டவன் என்று சொல்லலாகுமா?

நாபோத்தின் கதையும் (1 அரசர் 21) நினைவுக்கு வந்தது. ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை எதற்காகக் கேட்டான்? தன் மாளிகைக்கு அருகே கீரைத் தோட்டம் போடுவதற்காக. அதற்கு ஈடாக வேறு நல்ல தோட்டமோ பணமோ தருவதாகவும் சொன்னான். மூதாதையர் உரிமையை விற்க மாட்டேன் என்று நாபோத் மறுத்தான், அதற்காகக் கொல்லப்பட்டான். நம் மலைகளில் இக்கதை தலைகீழாக நடக்கிறது. இங்கே கீரைப் பாத்திக்கு மண் கேட்பவர் அரசர் அல்லர், ஏழைக் கிழவி. மறுப்பதற்கு நாபோத்திடம் ஓர் உரிமை இருந்தது. அம்மாயியிடம் அதுவும் இல்லை. தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. இத்தனை கை மாறியும் லயத்தில் குடியிருப்பவரின் கைக்கு அது வரவில்லை. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு பெருமளவில் தீர்ந்தது. வாக்குச் சீட்டு கிடைத்தவருக்குக் காணிச் சீட்டு கிடைக்கவில்லை.

தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் என்றும் பின்னர் 10 பேர்ச்சஸ் என்றும் அரசுகள் அறிவித்ததுண்டு. சில ஆயிரம் குடும்பங்கள் வீடும் பெற்றன. இவை நன்றிக்குரியவையே. ஆனால் கணக்கைப் பாருங்கள். 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி. இந்திய உதவியில் கட்டப்பட்ட வீடொன்றின் பரப்பு 550 சதுர அடி. எஞ்சிய நிலத்தில் மலசலகூடக் குழியும் நடைபாதையும் தாங்குசுவரும் போக, சரிவான இடத்தில் பாத்திக்கு எவ்வளவு மிஞ்சும்? வீட்டை அளப்பவர்கள் வாசலையும் அளக்க வேண்டும் என்று நாம் கேட்டால் அது பேராசை ஆகாது.

பூனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய், ஆடு, கழுதை, சிட்டுக்குருவி எல்லாம் விவிலியத்தில் அடிக்கடி வருகின்றன. பூனையோ கத்தோலிக்கத் திருமறையின் பாரூக்கு நூல் ஆறாம் அதிகாரத்தில் ஒரேயொரு முறை எட்டிப் பார்க்கிறது. அங்கே அது பாபிலோனியச் சிலைகளின் தலைமேல் அச்சமின்றி ஏறி உட்காருகிறது. நம் வைணவப் பெரியோரோ இறையருளுக்கே பூனையை உவமை கூறினர். குட்டி ஒன்றும் செய்யாதிருக்க, தாயே அதைக் கவ்விக் காப்பது போல இறைவன் காப்பான் என்பது அவர்கள் வாக்கு. எலியைக் கடித்துக் கிழிக்கும் அதே பற்கள்தாம் குட்டியின் கழுத்தைத் தோல் கீறாமல் பற்றுகின்றன. அதிகாரமும் இப்படிப்பட்டதே. ஒரு சமூகத்தைக் கப்பலேற்றியதும் பங்கிட்டதும் அதிகாரத்தின் பற்களே. இன்று அபாய மலையிலிருந்து அதே சமூகத்தை இடம் மாற்ற வேண்டியதும் அந்தப் பற்களே. மாற்றத்தான் வேண்டும். ஆனால் எலியைக் கவ்வுவது போல அன்று, குட்டியைக் கவ்வுவது போல.

அன்பர்களே, இதனை அரசுக்கு மட்டும் சொல்லி நாம் ஓய்ந்துவிடலாகாது. திருச்சபைகளுக்கும் மலையகத்தில் காணிகள் உள்ளன. ஆலய வளவின் ஒரு மூலையில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாத்தி கட்ட ஆளுக்குப் பத்தடி ஒதுக்கினால் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ இடையூறு வராது. நிவாரணப் பொருள் சுமந்து செல்லும் இளைஞர்கள் அரிசியோடு கீரை விதையும் கொண்டு செல்லலாம். நீதிமான் தன் வீட்டு விலங்கின் உயிரையும் பேணுவான் என்பது நீதிமொழிகளின் போதனை (12:10). முதியவர்களை இடம் மாற்றும்போது அவர்களுடைய பூனையையும் நாயையும் கூடையில் ஏற்றிக்கொள்வதும் அப்போதனையில் அடங்கும். அப்படிச் செய்திருந்தால் அம்மாயி சரிவுக்குத் திரும்பியிருக்கவே மாட்டார்.

மழை ஓய்ந்த ஒரு பகற்பொழுதில், கிராம உத்தியோகத்தரின் அனுமதியோடு எங்கள் சபை வாலிபர் நால்வர் சென்று பதினொரு தகரங்களையும் பூனையையும் எடுத்து வந்தார்கள். இப்போது அம்மாயி பட்டணத்தில் என் வாடகை வீட்டில் இருக்கிறார். எரிவாயு அடுப்பில் சாம்பல் ஏது? இரண்டு நாட்கள் வீடெல்லாம் தேடி அலைந்த பூனை, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்துச் சூட்டைக் கண்டுபிடித்து அங்கே படுத்துக்கொண்டது. மொட்டை மாடியில் ரோஜா துளிர்விட்டிருக்கிறது. அம்மாயியோ ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றையே கேட்கிறார்: "காணி விசயம் ஏதாச்சும் தெரிஞ்சுச்சா சாமி?"

அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை கூறும் நாளை விரைவில் தந்தருள ஆண்டவரை மன்றாடுவோம். மன்றாடிய கைகளோடு எழுந்து, அந்நாளுக்காக உழைப்போமாக.