சரட்டோகாவின் ஊற்றுகளும் ஓட்டத் திடலும்

அமெரிக்காவின் வடகிழக்கில் வாழும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஊர் தேடும்போது, சரட்டோகா ஸ்பிரிங்ஸ் என்ற பெயர் அடிபடுவதுண்டு. நியூயார்க் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழைய நகரம் அது. ஊற்று நீர், குதிரைப் பந்தயம், இசை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றில் இரண்டு நம் வீடுகளில் தயக்கத்தைத் தருபவை. ஆகவே, "அது சூதாடிகளின் ஊர், அங்கே நமக்கு என்ன வேலை?" என்று ஒரு சாராரும், "சும்மா பார்ப்பதில் என்ன பாவம்?" என்று மற்றொரு சாராரும் பேச்சை முடித்துவிடுகின்றனர். இரு சாராருமே அவசரப்படுகின்றனர் என்பது நமது கருத்து. போகலாம்; ஆனால் எதைக் காண, எந்த நேரத்தில், பிள்ளைகளிடம் என்ன சொல்லி என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

முதலில் நீர். நகரின் நடுவிலுள்ள காங்கிரஸ் பூங்காவிலும், தெற்கே விரிந்து கிடக்கும் அரசுப் பூங்காவிலும் மண்ணுக்குள்ளிருந்து கனிம நீர் தானாகவே பொங்கி வருகிறது. சோடாவைப் போல வாயு கலந்து நுரைக்கும் நீர். ஓர் ஊற்றின் சுவை மற்றோர் ஊற்றுக்கு இல்லை. ஒன்று உப்புக் கரிக்கும், ஒன்றில் இரும்பின் வாடை வீசும், ஒன்று சாதாரணக் குடிநீரைப் போலிருக்கும். ஓடையின் நடுவே ஓர் ஊற்று நீரை மேலே பீய்ச்சியடிக்கிறது. அதைச் சுற்றிக் கனிமம் படிந்து படிந்து பாறைத் திட்டாகவே ஆகிவிட்டது. ஊர் மக்கள் குடங்களையும் புட்டிகளையும் கொண்டுவந்து கட்டணமின்றி நிரப்பிச் செல்கின்றனர். முதல் மிடறிலேயே பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அதுவும் பயணத்தின் இன்பங்களில் ஒன்று.

இந்த நீர் நோய்களைத் தீர்க்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் அடித்துச் சொன்னார்கள். அதை நாம் நம்ப வேண்டியதில்லை. நம்மை ஈர்ப்பது வேறு செய்தி. அந்த நூற்றாண்டின் இறுதியில், நீரிலுள்ள கரியமில வாயுவைப் பிரித்துச் சோடாக் கடைகளுக்கு விற்கும் நிறுவனங்கள் இங்கே ஆழ்குழாய்களை இறக்கி இரவு பகலாக உறிஞ்சின. ஊற்றுகள் ஒவ்வொன்றாக வற்றத் தொடங்கின. ஊரார் போராடினர். 1909-இல் நியூயார்க் மாநில அரசு சட்டம் இயற்றி, ஊற்று நிலங்களை விலைகொடுத்து வாங்கிப் பொதுச் சொத்தாக்கிக் காத்தது. இன்று நாம் இலவசமாகக் குடிக்கும் ஒவ்வொரு குவளைக்கும் பின்னால் அந்தச் சட்டம் இருக்கிறது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் யாவரும் பங்காளிகள் என்ற கருத்துடைய நபிமொழியைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. வேறு மதத்தார், வேறு காரணங்களுக்காக, அதே நீதியை வந்தடைந்திருக்கின்றனர்.

இனி குதிரை. இங்கேதான் நம்மவர்களில் சிலர் தடுமாறுகின்றனர். சூதாட்டம் ஹராம் என்பதால் குதிரை ஓட்டமே ஹராம் என எண்ணிவிடுகின்றனர். இறைத்தூதர் (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் போட்டிகள் நடத்தியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பயிற்சியளித்து மெலியவைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. பயிற்சியளிக்கப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. இப்னு உமர் (ரலி) அவர்கள் அதில் கலந்துகொண்டவர்களுள் ஒருவர். குதிரையின் ஆற்றலுக்கு ஏற்ப ஓடும் தூரத்தை வகுத்த அந்த அக்கறையைக் கவனியுங்கள். திருக்குர்ஆனின் ஓர் அத்தியாயமே மூச்சிரைக்க விரையும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குக் குதிரை அந்நியமும் அல்ல. பாண்டியர் காலத்தில் அரபுக் கடலைக் கடந்து காயல் துறையில் குதிரைகளை இறக்கியவர்கள் முஸ்லிம் வணிகர்கள். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்ததை வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். சரியான பராமரிப்பு தெரியாததால் அவை இங்கே விரைவில் மாண்டன என்று மார்க்கோ போலோ குறை சொல்கிறார். இராவுத்தர் என்ற பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. சரட்டோகாவில் ஓடும் உயர் இனக் குதிரைகளின் மூதாதையரும் கிழக்கிலிருந்து போனவையே. இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழி, 1704-இல் அலெப்போ நகரிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட 'டார்லி அரேபியன்' என்ற குதிரையிடம் போய்ச் சேர்கிறது.

ஆக, ஓட்டத்தில் குற்றமில்லை. ஓட்டத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட பணத்தில்தான் குற்றம் இருக்கிறது.

அந்தப் பணம் எப்படிச் சுழல்கிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. பந்தயம் கட்டுவோர் அனைவரின் பணமும் ஒரே தொகுப்பில் சேர்கிறது. திடலை நடத்துவோரும் அரசும் முதலில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்வர். எஞ்சியது வென்ற குதிரையின் மீது கட்டியவர்களுக்குப் பிரித்தளிக்கப்படும். வென்றவர் வாங்குவது தோற்றவரின் பணம் என்பதில் மறைவே இல்லை. எவர் வென்றாலும் நடத்துவோருக்கு இழப்பும் இல்லை. போட்டியில் வெல்பவருக்கு மூன்றாவது ஒருவர் தம் கையிலிருந்து பரிசளிப்பதை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் அனுமதித்தனர். ஒருவரின் இழப்பையே மற்றவரின் ஆதாயமாக்குவதைத் தடுத்தனர். எல்லைக்கோடு மிகத் தெளிவானது.

"இது திறமை, அதிர்ஷ்டம் அன்று" என்ற வாதத்தை நம் இளைஞர்கள் நன்றாகவே பேசுகின்றனர். தமிழகத்திலும் இந்த வாதத்திற்கு வரலாறு உண்டு. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்த விளையாட்டே எனத் தீர்ப்பளித்தது. நாட்டின் சட்டத்திற்கு அந்தப் பிரிவினை போதுமானதாக இருக்கலாம். மார்க்கத்தின் கேள்வி வேறு. ஓட்டுபவனுக்குத் திறமை உண்டு, பயிற்சியாளனுக்குத் திறமை உண்டு, குதிரைக்கும் உண்டு. மாடத்தில் அமர்ந்து சீட்டுக் கிழிப்பவன் தன் பிள்ளையின் பால்காசைப் பிறர் காசோடு மோதவிடுகிறான். கணித்துக் கட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் அந்தப் பணத்தின் தன்மை மாறுவதில்லை. இணையத்தில் ரம்மி ஆடிக் கடனில் மூழ்கியவர்களின் குடும்பங்களைப் பார்த்த நம் சமுதாயத்திற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதைச் சூதாட்டக்காரர்களே அறிந்திருந்தனர் என்பதுதான் வியப்பு. சரட்டோகாவில் 1863 ஆகஸ்டில் பந்தயத்தைத் தொடங்கியவர் ஜான் மோரிசி. குத்துச்சண்டை வீரராக இருந்து பிறகு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானவர். உள்நாட்டுப் போரின் பெரும் களமான கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. 1870-இல் அவர் காங்கிரஸ் பூங்காவில் ஒரு சூதாட்ட மாளிகையையும் திறந்தார். அங்கே அவர் வகுத்த விதிகளுள் ஒன்று, உள்ளூர்வாசிகள் சூதாடக் கூடாது என்பது! வெளியூர்ச் செல்வந்தன் தோற்றால் இரயிலேறிப் போய்விடுவான். பக்கத்து வீட்டுக்காரன் தோற்றால் அவன் மனைவி மக்களின் முகத்தில் நாளும் விழிக்க வேண்டும். விற்பவன் தன் வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பண்டத்தை நாம் ஏன் வாங்க வேண்டும்? அந்த மாளிகை இன்று நகர வரலாற்று அருங்காட்சியகம். சூதாட்ட மேசை வரலாற்றுப் பொருளாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1908-இல் நியூயார்க் மாநிலம் பந்தயக் கட்டுப்பணத்திற்கு எதிராகக் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. அதன் விளைவாக 1911, 1912 ஆகிய இரு ஆண்டுகளும் சரட்டோகாவில் ஒரு குதிரைகூடப் பந்தயத்தில் ஓடவில்லை. மதீனாவில் ஓடிய குதிரைக்குச் சீட்டு விற்பனை தேவைப்படவில்லை. இங்கே சீட்டு நின்றதும் ஓட்டமும் நின்றது.

இந்தத் திடலைச் 'சாதனையாளர்களின் கல்லறை' என்று அழைப்பார்கள். 21 பந்தயங்களில் ஓடி 20-இல் வென்ற 'மேன் ஓ வார்' தன் வாழ்நாளில் தோற்ற ஒரே பந்தயம், 1919-இல் இங்கே நடந்ததுதான். 1973-இல் அமெரிக்காவே கொண்டாடிய 'செக்ரடேரியட்' இங்கே 'ஆனியன்' என்ற குதிரையிடம் தோற்றது. ஆம், வெங்காயம் என்பதே அதன் பெயர். இதைப் படிக்கும்போது, இறைத்தூதர் (ஸல்) அவர்களின் 'அள்பா' என்ற ஒட்டகம் நினைவுக்கு வராமல் இராது. எவராலும் முந்த முடியாதிருந்த அதனை ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்திச் சென்றபோது தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயரும் எதனையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று அன்னார் அவர்களைத் தேற்றினார்கள்.

ஆயினும் கல்லறை என்ற சொல் வேறு பொருளிலும் உண்மையாகிறது. 2023 ஆகஸ்டில் 'மேப்பிள் லீஃப் மெல்' என்ற குதிரை, வெற்றிக் கோட்டை நெருங்கிய கடைசி அடிகளில் கால் முறிந்து விழுந்தது. அதே மாதத்தில் 'நியூயார்க் தண்டர்' என்ற குதிரைக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே கதி நேர்ந்தது. இரண்டும் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தவை. இரண்டும் அங்கேயே உயிர் நீத்தன. எலும்பு முழுமையாக முற்றாத இரண்டு, மூன்று வயதில் முழு வேகத்தில் ஓடவைக்கப்படுவதை விமர்சிப்போர் அந்நாட்டிலேயே பலர். வாயில்லா ஜீவன்கள் குறித்துக் கேள்வி கணக்கு உண்டு என நம்பும் நாம், அவர்களைவிடக் குறைவாக வருந்தலாமா?

இசை குறித்து நம் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது தெரிந்ததே. அதை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. 1966 முதல் அரசுப் பூங்காவிலுள்ள திறந்த அரங்கில் கோடைதோறும் பாலே நடனமும் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் நிகழ்ச்சிகளும் நடைபெறுகின்றன. செல்வதும் தவிர்ப்பதும் அவரவர் பின்பற்றும் நிலைப்பாட்டைப் பொறுத்தது. ஆனால் இவ்வூரில் வாழ்ந்த ஓர் இசைக்கலைஞரின் கதையை எந்த நிலைப்பாட்டினரும் அறிந்துகொள்ள வேண்டும்.

சாலமன் நார்த்தப் சுதந்திரமான கறுப்பின மனிதர். 1834-இல் மனைவி மக்களுடன் இங்கே குடியேறியவர். பிடில் வாசிப்பதில் வல்லவர். மனைவி விடுதிகளில் சமையல் வேலை பார்த்தார். 1841-இல் இருவர் அவரை அணுகி, சர்க்கஸில் வாசிக்க நல்ல ஊதியம் தருவதாக அழைத்துச் சென்றனர். வாஷிங்டனில் அவர் மயக்கப்பட்டுக் கண் விழித்தபோது சங்கிலியில் கிடந்தார். அடிமையாக விற்கப்பட்டு, லூசியானாவின் தோட்டங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, 1853-இல்தான் மீட்கப்பட்டார். அவர் எழுதிய நூல் 2013-இல் திரைப்படமாயிற்று. அவர் நடந்த அதே பிராட்வே தெருவில்தான் இன்று சுற்றுலாப் பயணிகள் பனிக்கூழ் சாப்பிடுகின்றனர். அந்தத் தெருவிலிருந்த கிராண்ட் யூனியன் விடுதி, 1877-இல் ஜோசஃப் செலிக்மன் என்ற வங்கியாளரை யூதர் என்பதற்காகவே தங்க அனுமதிக்க மறுத்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. பெயரைக் கேட்டதும் வாடகைக்கு வீடில்லை என்று சொல்லப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வேதனையைப் பிற சமுதாயத்தின் வரலாற்றிலும் அடையாளம் காண நம் பிள்ளைகள் பழக வேண்டும்.

எனவே நமது யோசனை இது. முதன்மைப் பந்தயக் காலம் ஜூலையில் தொடங்கிச் செப்டம்பர் தொடக்கம் வரை நீள்கிறது. அந்நாள்களில் ஊரில் நெரிசல் அதிகம், தங்குமிட வாடகை அதைவிட அதிகம், மதுவும் தாராளம். ஜூன் மாதமோ, இலைகள் நிறம் மாறும் செப்டம்பர் இறுதியோ குடும்பங்களுக்கு ஏற்றவை. குதிரைகளைக் காண ஆவலுள்ள பிள்ளைகளைப் பயிற்சித் திடலுக்கு அதிகாலையில் அழைத்துச் செல்லுங்கள். ஃபஜ்ருத் தொழுதுவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். பனிமூட்டத்தில் மூச்சுப் புகைய ஓடிவரும் குதிரையைப் பார்ப்பதற்குச் சீட்டும் வேண்டாம், சூதும் வேண்டாம். திடலுக்கு எதிரேயுள்ள தேசியப் பந்தய அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். மாலையில் மாடத்தில் அமர்வதைத் தவிர்ப்பதே பேணுதல். வீணானவற்றைக் கண்ணியமாகக் கடந்து செல்வோரைத் திருமறை புகழ்கிறது.

1935-இல் கட்டப்பட்ட ரூஸ்வெல்ட் குளியலகத்தில் ஒவ்வொருவருக்கும் தனியறை, தனித் தொட்டி. பர்தாவைப் பேணும் நம் பெண்களுக்குக் கடற்கரையைவிட இது வசதி. நீர் இரும்புக் கலப்பால் பழுப்பாக இருக்கும். அழுக்கென்று எண்ணிவிட வேண்டாம். குடிநீர்ப் புட்டிகளைக் காலியாகக் கொண்டு செல்லுங்கள். உப்புக் கரிக்கும் ஊற்றைத் தவிர்த்து, 'ஸ்டேட் சீல்' ஊற்றில் நிரப்பினால் திரும்பும் வழி முழுவதற்கும் ஆகும்.