தலையெழுத்தா, தைராய்டா?

பிறந்த குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தால், “எவ்வளவு சாதுவான பிள்ளை!” என்று நம் பெரியவர்கள் பூரித்துப் போகிறார்கள். அதே பிள்ளை இரண்டு வயதாகியும் நடக்காமல், பேசாமல் இருந்தால், “முன்ஜென்மக் கர்மம்” என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு முதல் தூக்கத்திற்கும் பிந்திய மந்தத்திற்கும் காரணம் ஒன்றே. அது தலையில் இல்லை, கழுத்தில் இருக்கிறது.

கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி, உணவிலுள்ள அயோடினைக் கொண்டு தைராக்ஸின் என்பதைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அஃதில்லாமல் குழந்தையின் மூளை சரியாக வளராது. அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குச் சுரப்பியும் இருக்கும், அயோடினும் இருக்கும். ஆனால் தைராக்ஸினைச் செய்து முடிக்கும் என்ஸைம் பழுதாயிருக்கும். தறியும் நூலும் இருந்து நெய்வதற்கு ஆளில்லாதது போன்றதே இது. இதற்கு அயோடின் உப்பு மட்டும் போதாது.

இக்குறை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. நோயே தெரியாத தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு அது வருவதற்கு 4-ல் 1 பங்கு இடமுண்டு. அக்காள் மகள், மாமன் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கலியாணம் செய்வதால் இந்த இடம் அதிகமாகிறது. தலையில் எழுதுகிறவர் என்று ஒருவர் இருந்தால், சொந்தத்தில் மணந்தவர் வீட்டுக்கு மட்டும் அவர் அடிக்கடி போவானேன் என்று கேட்கிறோம்.

நிற்க, பரிகாரம் என்ன? குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தமே குறையைக் காட்டிவிடும். கனடாவிலுள்ள கியூபெக்கில் 1974-லேயே எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கினார்கள். குறை உறுதியானால் பிறந்த இரண்டு வாரத்திற்குள் லெவோதைராக்ஸின் மாத்திரை தொடங்க வேண்டும். டாக்டர் சொல்லும் அளவைப் பொடித்து, சிறிது தாய்ப்பாலில் கலந்து தினமும் கொடுக்க வேண்டும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து மருந்துகளை அதோடு சேர்க்கக் கூடாது. பிள்ளை எடை ஏற ஏற, இரத்தம் பார்த்து மருந்தின் அளவையும் மாற்ற வேண்டும். “பிள்ளைதான் தேறிவிட்டதே” என்று நாமாக நிறுத்தினால், தேறியதும் போய்விடும்.

இப்படிச் செய்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே படிக்கும், ஓடும். மாதக்கணக்கில் தாமதித்தாலோ, இழந்த மூளை வளர்ச்சியை எந்த மருந்தும் முழுவதும் மீட்டுத் தராது.

தோழர்களே! காது குத்துவதற்கு நாள் பார்க்கிறோம். குதிகாலில் குத்துவதற்கும் ஒரு நாள் உண்டு. அதைப் பஞ்சாங்கத்தில் தேட வேண்டாம். பிறந்த 2-ம் நாளிலிருந்து 5-ம் நாளுக்குள் டாக்டரைக் கேளுங்கள்.