காற்றில் தூற்றத் தெரிந்த ஊரில் ஒரு தகர இறக்கை

ஆனி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றின் ஆட்சி தொடங்கிவிடுகிறது. காற்றாலை அமைக்க ஏற்றவை என்று தமிழகத்தில் சொல்லப்படும் கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். நான்காவதன் வழியே இறங்கும் காற்றைப் பிறந்ததிலிருந்து அனுபவித்து வருபவர்கள் ராயப்பன்பட்டிக்காரர்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சை விளையும் ஊர்களில் அதுவும் ஒன்று. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாராமல் அங்கே யாரும் பந்தலுக்குக் கம்பி இழுப்பதில்லை. அறுவடை இயந்திரங்கள் வருவதற்கு முன்பு களத்தில் முறத்தோடு நின்ற பெண்கள், கைப்பிடிப் பதரை மேலே விட்டுப் பார்த்தே காற்றின் போக்கையும் வலுவையும் கணித்துவிடுவார்கள். ஏட்டில் எழுதப்படாத காற்றியக்கவியல் என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

அந்த ஊரில் ஒரு டிங்கர் பட்டறை வாசலில் சில மணி நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. ஏலத் தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகளின் நசுங்கல்களை எடுத்துச் சீராக்குவதுதான் அங்கே அன்றாட வேலை. ஆனால் அன்று உள்ளே நின்றிருந்தது ஒரு பழைய மாருதி 800. இருக்கைகள் கழற்றப்பட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு பற்றவைக்கப்பட்டிருந்தது. கோவையில் பொறியியல் படிக்கும் உறவுக்காரப் பையனின் வண்டி. பொதுச் சாலையில் ஓட்டுவதற்கல்ல, பந்தயத் தடத்தில் பயிற்சி நாட்களில் ஓட்டிப் பார்ப்பதற்கு. அலுமினியத் தகட்டை வளைத்து ரிவிட் அடித்த ஓர் இறக்கையைப் பின்கதவின் நடுவில் பொருத்த வேண்டும் என்பது பையனின் ஆசை. பெரியவர் தகட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காத்து எங்கிட்டுப் போகுதுன்னு தெரியாம தகரத்த வெட்டக் கூடாதுப்பா."

"படத்துல எல்லா வண்டிக்கும் இருக்குல்ல மாமா?"

"படத்துல இருக்கும். இந்த வண்டிக்கு வேணுமான்னு வண்டியக் கேட்டியா?"

இந்த உரையாடல் வெகுநாள் நம்மை விட்டு அகலவில்லை. கட்டுரை சொல்ல வருவதும் இதுதான். பந்தய வண்டிக்கு வீட்டிலும் பட்டறையிலும் உடல் செய்து பார்ப்பது விடலைத்தனமான பொழுதுபோக்கு அல்ல. காற்றை நம் கையாலேயே அறிந்துகொள்ள எஞ்சியிருக்கும் சில வழிகளுள் அது ஒன்று. அந்த வழி சத்தமில்லாமல் அடைபட்டு வருகிறது. ஒருபுறம் அலங்காரம் அதை அடைக்கிறது, மறுபுறம் விதிகள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றுத்தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. அதைத் தள்ளிச் செல்லத் தேவைப்படும் வலுவோ மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. சிறிய கார் ஒன்றின் முகப்புப் பரப்பு 1.8 சதுர மீட்டர் என்றும் அதன் தடைக்கெழு 0.4 என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் காற்று அதை ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமான விசையோடு எதிர்க்கிறது. அதைச் சமாளிக்க 4 குதிரைத் திறனுக்குச் சற்று மேல் போதும். வேகத்தை 140 ஆக்கினால் எதிர்ப்பு 67 கிலோ ஆகிறது. தேவைப்படும் திறன் சுமார் 34. மாருதி 800இன் எஞ்சின் தருவதே 40 குதிரைத் திறனுக்கும் குறைவு. அதாவது அந்த வேகத்தில் எஞ்சினின் உழைப்பு முழுவதையும் ஏறக்குறையக் காற்றே தின்றுவிடுகிறது. தடைக்கெழுவை 0.40இலிருந்து 0.36ஆகக் குறைத்தால் மூன்று குதிரைத் திறனுக்கு மேல் மிச்சம். அதே மூன்றை எஞ்சினைத் திறந்து, குடைந்து, மெருகேற்றிப் பெறுவதற்கு ஆகும் செலவைப் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். தகரமும் ப்ளைவுட்டும் ஃபைபரும் அதைவிட மலிவானவை. வசதியற்றவனுக்குத் திறந்திருக்கும் கதவு என்று வண்டியின் உடலைச் சொல்வது இதனால்தான்.

ஆனால் கதவு திறந்திருப்பதும் உள்ளே போகத் தெரிவதும் ஒன்றல்ல. பின்புறம் செங்குத்தாக வெட்டப்பட்ட சிறு காரில், கூரையின் விளிம்பு வரை உடலைத் தழுவி வரும் காற்று அங்கே பிடியை விட்டுவிடுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது சுழலும் செத்த காற்று. அந்தச் சுழலுக்குள் இறக்கையை வைத்தால் அதற்கு எடை உண்டு, பயன் இல்லை. மேலும் மாருதி 800 முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. இறக்கை உண்மையிலேயே வேலை செய்து பின்புறத்தை அழுத்தினாலும், இழுக்க வேண்டிய முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் சிறிது குறையும். முன் பம்பருக்கு அடியில் தரைக்கு இணையாக ஒரு பலகையை நீட்டி முன்பக்கத்துக்கும் ஈடு செய்யாவிட்டால் லாபத்தைவிட நஷ்டமே மிகும். வண்டியைக் கேட்டாயா என்று பெரியவர் கேட்டது இதைத்தான்.

வண்டியைக் கேட்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கம்பளி நூலை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையை மட்டும் வண்டியின் மேல் ஒட்டி, தனியார் தோட்டப் பாதையில் மிதமான வேகத்தில் ஓட்டிப் பக்கத்து வண்டியிலிருந்து படம் எடுத்தால் போதும். நூல்கள் படிந்து ஒரே திசையில் ஓடும் இடத்தில் காற்று உடலைத் தழுவிப் போகிறது. அவை தலைவிரித்து ஆடும் இடத்தில் காற்று பிரிந்துவிட்டது. பந்தயத் தடத்தின் நேர்ப்பகுதியில் குறித்த வேகத்தை எட்டியதும் கியரை விடுவித்து, வண்டி தானாக வேகம் குறைய எடுக்கும் நொடிகளை இரு திசைகளிலும் எண்ணினால் தடை குறைந்ததா கூடியதா என்று தெரிந்துவிடும். பதரை மேலே விட்டுப் பார்த்த கிழவியின் முறைக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

உலக வரலாற்றிலும் பெரிய நிறுவனங்களுக்கு முன்னே சென்றவை இத்தகைய கைவேலைகள்தாம். போர் விமானங்களின் அடியில் தொங்கிய எரிபொருள் தொட்டி போருக்குப் பின் உபரியாக விற்பனைக்கு வந்தபோது, 1946இல் கலிஃபோர்னியாவின் பில் பர்க் அதற்குச் சக்கரமும் எஞ்சினும் பூட்டி வறண்ட ஏரிப் படுகையில் ஓட்டினார். 1956இல் மைக்கேல் மே என்ற இளம் பொறியாளர் தம்முடைய போர்ஷே வண்டியின் மேல் ஓர் இறக்கையைப் பொருத்தி நூர்பர்க்ரிங் தடத்துக்குக் கொண்டுவந்தார். அமைப்பாளர்கள் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஃபார்முலா ஒன் வண்டிகள் எல்லாம் இறக்கையோடு நின்றன. 1971இல் டான் கர்னி, சோதனை ஓட்டம் ஒன்றின் நடுவே, இறக்கையின் பின்விளிம்பில் ஒரு சிறு உலோகப் பட்டையைச் செங்குத்தாகப் பொருத்திப் பார்த்தார். விரலளவே உள்ள அந்தப் பட்டை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. விமானத் துறையும் அதை எடுத்துக்கொண்டது.

நம் பக்கத்துக் கதை இதற்குக் குறைந்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் நடத்திய பந்தயங்களில், விலை கொடுத்து வாங்கிய வெளிநாட்டு வண்டிகளோடு, பட்டறையில் உருமாறிய ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் ஓடின. பெங்களூரின் சிபானி நிறுவனம் செய்த டால்ஃபின் காருக்கு உடல் கண்ணாடியிழையால் ஆனது. சாலையில் பெரிதாக விலைபோகாத அந்த வண்டியை அதன் எடைக்குறைவுக்காகவே பந்தயக்காரர்கள் தேடிப் போனார்கள். கோவையின் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உள்ளூரிலேயே கட்டினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகுப்பில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் அறிமுகமான ஒரு முகம் தெரியக்கூடும். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கியபோது அவரிடம் இருந்ததும் ஏறக்குறைய இத்தகைய பட்டறைதான். சிறிய அச்சு, சில நூறு வாசகர்கள், கைக்காசு நஷ்டம். புதுக்கவிதை அங்கேதான் ஓடிப் பழகியது. பிறகு பெரும் பத்திரிகைகள் அதை வாங்கிக்கொண்டன. சிற்றிதழின் அருமை அறிந்தவர்கள் தகரப் பட்டறையின் அருமையை அறியாமல் இருப்பது வியப்பாகவே இருக்கிறது.

இன்றைய நிலை என்ன? 2010இல் தொடங்கிய போலோ கோப்பை போன்றவை ஒரே வகை வண்டிப் போட்டிகளாகவே நடந்தன. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்த ஃபார்முலா 4 போட்டியிலும் அனைவருக்கும் ஒரே பிரெஞ்சு நிறுவனத்தின் சட்டகம்தான். உடலில் கை வைக்க அனுமதி இல்லை. இதற்கு நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எல்லோருக்கும் ஒரே வண்டி என்றால் பணக்காரன் பணத்தால் மட்டும் வெல்ல முடியாது. ஓட்டுநரின் திறமை துலங்கும். கரிவரதனின் ஃபார்முலா மாருதியும் ஒரே வகை வண்டிகளின் வகுப்பே. ஆனால் அந்த ஒரே வகையை முதலில் கட்டிப் பார்க்க உள்ளூரில் ஒரு கை இருந்தது. இப்போது வகை கப்பலில் வந்து இறங்குகிறது. நம் கைக்கு மிஞ்சியது ஸ்டிக்கர் ஒட்டும் வேலை.

இந்த வெற்றிடத்தை அலங்காரம் நிரப்புகிறது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற பிறகு, தேனிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் கார் பந்தயம் வீட்டுப் பேச்சாகிவிட்டது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதன் முதல் விளைவு சாலையில் ஓடும் கார்களின் டிக்கியில் ஒட்டப்படும் பிளாஸ்டிக் இறக்கைகளாக இருக்குமானால் அது வருந்தத்தக்கது. உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஒட்டி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுச் சாலையைப் பொறுத்தவரை நாமும் அதன் பக்கமே. பெயர்ந்து பறக்கும் தகடு பின்னால் வரும் இருசக்கரக்காரரின் கழுத்தை நோக்கித்தான் வரும்.

தடத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1969இல் பார்சிலோனாவின் மோன்சூயிக் தடத்தில் லோட்டஸ் அணியின் இரு வண்டிகளிலும் உயரமான இறக்கைகள் முறிந்து விழுந்தன. ஓட்டியவர்கள் கிரகாம் ஹில்லும் யோகன் ரிண்டும். உலகின் தலைசிறந்த பட்டறைகளுள் ஒன்றில் செய்த இறக்கையின் கதி அது. அதே மாதத்தில் மொனாக்கோவில் உயர்ந்த இறக்கைகள் தடை செய்யப்பட்டன. இறக்கைகளே ஒழிந்துவிடவில்லை, உயரத்துக்கும் பொருத்தும் முறைக்கும் விதிகள் வந்தன. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. பயந்து மூடிவிடாமல் அளந்து அனுமதிப்பதுதான் வழி.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் நடக்கும் பந்தய நாட்களில் ஒரு வகுப்பையாவது கையால் செய்த உடல்களுக்கு ஒதுக்கலாம். எஞ்சின் எல்லோருக்கும் பழைய சிறிய எஞ்சினாக இருக்கட்டும். செலவுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கட்டும். இறக்கையின் மேல் அது தாங்க வேண்டிய பாரத்தைப் போல் இருமடங்கு மணல் மூட்டையை ஏற்றிப் பார்த்த பிறகே தடத்துக்கு விடட்டும். பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு 2011இலிருந்து சுப்ரா போன்ற வண்டி கட்டும் போட்டிகள் இருக்கின்றன. ஆனால் கல்லூரியின் பெயர் இல்லாத டிங்கருக்கு அங்கே இடமில்லை. அவரும் மாணவரும் ஒரே வண்டியின் அருகே நிற்கும் வாய்ப்பையே நாம் கேட்கிறோம்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு கடன் உண்டு. சோழவரத்தில் வென்ற ஓட்டுநர்களின் பெயர்கள் கோப்பைகளில் பொறிக்கப்பட்டன. அந்த வண்டிகளின் உடலைத் தட்டி வளைத்தவர்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களில் பலர் இப்போது முதுமையில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுத இன்னும் காலம் இருக்கிறது. அதிகம் இல்லை.

அன்று மாலை ராயப்பன்பட்டியிலிருந்து கிளம்பும்போது அலுமினிய இறக்கை பட்டறைச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பையன் கடையிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் ஒரு கண்டு வாங்கி வந்து, கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூரையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் நகரவே இல்லை. ஆனிக் காற்றில் நூல்கள் அதற்குள் அசையத் தொடங்கியிருந்தன.