மறைத்த ஊசி



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தம் மகளுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். மகளுக்கு வயது 22. ஆசிரியர் பயிற்சியை முடித்தவள். உடல் மெலிந்து, ஓயாத தாகத்தால் வருந்திய அவளுக்கு நீரிழிவு என்றும், நாள்தோறும் இன்சுலின் ஊசி வேண்டும் என்றும் மருத்துவர் கூறியிருந்தார். "நாங்கள் என்ன பாவம் செய்தோம், சாமி?" என்று தாய் அழுதார். மகள் அழவில்லை; தரையையே நோக்கி அமர்ந்திருந்தாள்.

நாமோ, "எல்லாம் இறைவன் சித்தம், பொறுத்துக்கொள் மகளே" என்று கூறி, ஆசீர் அளித்து அனுப்பிவிட்டோம். அப்போது அவள் நிமிர்ந்து பார்த்த பார்வை நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அவள் துயரத்தைக் கேட்கு முன்பே அதன் வாயை அடைத்துவிட்டோம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். ஒரு வாரம் கழித்து நாமே அவர்கள் இல்லம் சென்றோம். அவளது இசைவுடனேயே இதனை எழுதுகின்றோம்.

அன்று அவள் பேசினாள். வரன் பார்க்கும் காலமாதலால் எவருக்கும் தெரியலாகாது என்பது வீட்டின் கட்டளை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வாள். விருந்துக்குச் சென்றால், வயிறு சரியில்லை என்று பொய் சொல்வாள். "எதையோ திருடியவளைப் போல் வாழ்கிறேன், சாமி" என்றாள்.

பெற்றோர் முதலில் அறிய வேண்டியது இது: இந்நோய் பாவத்தின் கூலியன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்களும் இதே வினாவைத்தான் எழுப்பினர்; ஆண்டவரோ அவன்மீதும் பழி சுமத்தவில்லை, அவனைப் பெற்றோர்மீதும் சுமத்தவில்லை. இனிப்பை மிகுதியாக உண்டதால் வந்ததுமன்று. அவளுக்கு வந்தது முதல் வகை நீரிழிவு. இதில் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகின்றது. ஆகவே இன்சுலின் அவளுக்கு உணவைப் போன்றது. கசாயத்தை நம்பியோ, செபக் கூட்டத்தில் குணமாயிற்று என்றெண்ணியோ ஊசியை நிறுத்தினால் உயிருக்கே கேடு. செபமும் வேண்டும், ஊசியும் வேண்டும்.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வரை, இந்நோய் கண்ட இளையோர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. எலிசபெத் ஹியூஸ் என்னும் அமெரிக்கச் சிறுமிக்கு 1919-இல் நோய் கண்டது. எலும்பும் தோலுமாய் இருந்தவளுக்கு 1922-இல் பான்டிங் இன்சுலின் அளித்தார். அவர் பட்டம் பெற்றார், மணந்தார், மூன்று மக்களைப் பெற்றார், 1981-இல், 73-ஆம் வயதில் மறைந்தார். ஆயினும் தம் நோயை ஏறக்குறைய வாழ்நாள் முழுதும் பிறரிடம் மறைத்தே வந்தார். மருந்து அவர் உயிரைக் காத்தது. நாணத்தைப் போக்க அதனால் இயலவில்லை. அது மனிதர் செய்ய வேண்டிய பணி.

எனவே, பெற்றோரே, பிள்ளை அழட்டும், சினம் கொள்ளட்டும். நேற்றுவரை இருந்த கவலையற்ற வாழ்வை இழந்தவள் அதற்காகத் துக்கம் காப்பது இயல்பே. அவள் தட்டைக் காவல் காவாதீர்கள். "சர்க்கரை எவ்வளவு?" என்று வினவுமுன், "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். வீட்டில் ஒருவரேனும் ஊசி போடக் கற்றுக்கொள்ளுங்கள். நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் கண்டால் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே குளுக்கோஸோ சர்க்கரை நீரோ கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். உறக்கமும் ஊக்கமும் இழந்து வாரக் கணக்கில் வாடினாலோ, வாழ்வே வேண்டாம் என்றாலோ, காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் கூறுங்கள். மனத்திற்கும் மருத்துவம் உண்டு.

திருமணப் பேச்சில் உண்மையைக் கூறுங்கள். ஓலை வாசிக்கும் வரை மறைத்தது, மணமான மறுவாரமே வெளிப்படும். அன்று உடைவது நம்பிக்கை.

அவ்வீட்டார் உண்மையைக் கூறினர். வந்த வரன் விலகிற்று. அன்றிரவு மகள் அழுதாள். தாயின் மடியில் தலை வைத்து அழுதாள். இப்போது கூடத்தில் அமர்ந்தே ஊசி போட்டுக்கொள்கிறாள். சில நாட்களில் தாயே போட்டுவிடுகிறார். முதல்முறை அவர் கை நடுங்கியதாம். "பயப்படாதீங்கம்மா, வலிக்கவில்லை" என்று மகள்தான் தேற்றினாளாம்.