சட்டம் குறைவா, செயல் குறைவா?

எங்காவது ஒரு குண்டு வெடிக்கிறது. அப்பாவி மக்கள் மாண்டு போகிறார்கள். நாடே துடிக்கிறது. இரத்தக் கறை காய்வதற்கு முன்னால் ஒரு குரல் கிளம்புகிறது: "கடுமையான புதுச் சட்டம் வேண்டும்!" மந்திரிகள் தலையசைக்கிறார்கள். பார்லிமெண்டில் மசோதா வருகிறது. கைதட்டலுக்கிடையே நிறைவேறுகிறது. மக்களும், "அப்பாடா, இனிப் பயமில்லை" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் குண்டு வெடிக்கிறது. மறுபடியும் அதே குரல்!

இது எத்தனை காலத்துக்கு? நாட்டில் இல்லாதது சட்டமா? அல்லது இருக்கும் சட்டத்தை நடத்தும் திறமையா? பொதுமக்கள் சற்றே நிதானமாகச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

நீண்ட வரிசை

சுதந்திர இந்தியா சட்டத்துக்கு என்றும் பஞ்சம் வைத்ததில்லை. 1950-ம் ஆண்டில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. ஓராண்டுக்கு மட்டுமே என்று சொல்லித்தான் அதைக் கொண்டு வந்தார்கள். ஆனால் அது நீடித்து நீடித்து 1969-ம் ஆண்டு முடிவு வரை உயிரோடிருந்தது! அது போய் இரண்டு ஆண்டுக்குள், 1971-ல், மிசா வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் அதைக் கொண்டு யாரைச் சிறையில் அடைத்தார்கள் என்பதைத் தமிழ்நாட்டார் மறந்திருக்க முடியாது. 1978-ல் மிசா போயிற்று. 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1985-ல் தடா. அது 1995-ல் காலாவதியாயிற்று. 2002-ல் பொடா. அது 2004-ல் ரத்தாயிற்று.

பொடா போனதும் வெற்றிடம் ஏற்பட்டதா? இல்லை. 1967-ம் ஆண்டிலேயே பிறந்த சட்ட விரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் ஒன்று இருந்தது. பிரிவினை இயக்கங்களை மனத்தில் வைத்து இயற்றிய சட்டம் அது. 2004-லும், 2008-லும், 2012-லும், 2019-லும் அதைத் திருத்தித் திருத்தி, பயங்கரவாதத்துக்கு எதிரான பெரிய ஆயுதமாக ஆக்கிவிட்டார்கள். அதுவும் போதாதென்று, 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவிலும் பயங்கரவாதச் செயல் தனிக் குற்றமாகச் சேர்ந்துவிட்டது. ஆக, ஒரே குற்றத்துக்கு இன்று இரண்டு சட்டங்கள்! எதன் கீழ் வழக்குப் பதிவது என்பதைப் போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்யலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் "சட்டம் போதாது" என்றால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகத்தான் இருக்கும்.

கோவை தரும் பாடம்

1998 பிப்ரவரி 14-ந் தேதி கோயம்புத்தூரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். 200-க்கும் மேற்பட்டவர் காயமுற்றனர். தமிழ் நாடு அதற்கு முன் காணாத கோரம் அது.

அன்று தடா இல்லை. காலாவதியாகி மூன்றாண்டு ஆகியிருந்தது. பொடா இன்னும் பிறக்கவில்லை. போலீசாரின் கையில் என்ன இருந்தது? வெள்ளைக்காரன் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டமும், வெடிபொருள் சட்டமும் இருந்தன. அவற்றைக் கொண்டே விசேஷப் புலனாய்வுக் குழு வேலை செய்தது. சாட்சிகளைத் தேடிப் பிடித்தது. தடயங்களைத் திரட்டியது. வழக்கு கோவை விசேஷ கோர்ட்டில் நடந்தது. குற்றம் சாட்டப்பட்ட 166 பேரில் 158 பேர் குற்றவாளிகள் என்று 2007-ல் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டில் சிலர் விடுதலை பெற்றனர் என்றாலும், முக்கியச் சதிகாரர்களுக்கு ஆயுள் தண்டனை நின்றது.

சாதாரணச் சட்டம் சக்தியற்றது என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

ஆனால் இதே வழக்கு இன்னொரு உண்மையையும் சொல்கிறது. தீர்ப்பு வர ஒன்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. கணவனை இழந்த பெண்ணும் காத்திருந்தாள். குற்றமற்றவர் என்று முடிவில் விடுதலையான அரசியல்வாதி ஒருவரும் அந்த ஒன்பது ஆண்டையும் சிறையிலேயே கழித்தார். இங்கே குறை சட்டத்தில் இல்லை. வழக்கை நடத்திய வேகத்தில் இருக்கிறது.

குண்டு வெடிப்பதற்கு முன்னால் நடந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1997 நவம்பரில் கோவையில் ஒரு போலீஸ்காரர் கொலையுண்டார். அதையொட்டிய கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 பேர் உயிரிழந்தனர். நகரம் புகைந்துகொண்டிருக்கிறது என்பதை அறிய இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா? அந்தப் புகையை அணைக்கவும் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. நடுநிலையான போலீசும், விழிப்பான உளவும் தேவைப்பட்டன.

2022 அக்டோபரில் அதே கோவையில், கோயில் ஒன்றின் அருகே கார் வெடித்தது. அதில் இருந்தவர் மாண்டார். அவர் 2019-லேயே தேசியப் புலனாய்வு முகமையால் விசாரிக்கப்பட்டவர்! அவர் வீட்டில் சுமார் 75 கிலோ ரசாயனப் பொருள்கள் அகப்பட்டன. கடுமையான சட்டம் அப்போது இருக்கத்தான் செய்தது. கண்காணிப்புதான் இடையில் எங்கோ அறுந்து போயிருந்தது.

கடுமையின் கணக்கு

கடுமையான சட்டங்கள் சாதித்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும்.

தடாவின் கீழ் நாடெங்கும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர் கைதாயினர். தண்டனை பெற்றவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், தடா விசேஷ கோர்ட்டு 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? தடாக் குற்றம் நிரூபணமாகவில்லை என்றது. நால்வருக்குத் தூக்கையும், மூவருக்கு ஆயுளையும் விதித்தது. மீதி 19 பேர் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுபட்டு வெளியே வந்தனர். ஒரே வழக்கு, ஒரே சாட்சியம். 19 கழுத்துகளில் கயிறு விழாமல் காத்தது மேல் கோர்ட்டின் நிதானம்!

பொடாவின் கதை இன்னும் விசித்திரம். அதைக் கொண்டுவந்த கூட்டணியிலேயே அங்கம் வகித்தவர் வைகோ. திருமங்கலம் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக 2002 ஜூலையில் அவரே பொடாவில் கைதானார். சுமார் 19 மாதம் வேலூர்ச் சிறையில் இருந்தார். குண்டு வைப்பவனுக்காகச் செய்த விலங்கு, மேடையில் பேசியவர் கையில் விழுந்தது. சட்டத்தை ஆதரித்துக் கை தூக்குகிறவர்கள், நாளை அது யார் கைக்குப் போகும் என்றும் எண்ண வேண்டாமா?

இப்போதைய சட்டத்தின் கணக்கை அரசாங்கமே 2021-ல் ராஜ்ய சபையில் சொல்லியிருக்கிறது. 2016 முதல் 2019 வரை நான்கு ஆண்டில் கைதானவர் 5,922 பேர். அதே காலத்தில் தண்டனை பெற்றவர் 132 பேர். மற்றவர்களில் பலர் குற்றவாளிகளாகவே இருக்கலாம். வழக்கு முடியாமல் இருக்கலாம். ஆனால் வழக்கே முடியாதபோது, குற்றவாளி யார், நிரபராதி யார் என்று எப்படித் தெரியும்? இந்தச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே போதும், கதவு மூடிக்கொள்ளும். திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டு ஆதிவாசிகளிடையே உழைத்த பாதிரியார் ஸ்டான் சுவாமி, 84 வயதில், நடுக்கு நோயோடு, 2021 ஜூலையில் காவலிலேயே உயிர் நீத்தார். அவர் மீதான வழக்கின் விசாரணை அதுவரை தொடங்கவேயில்லை. விசாரணையே இல்லாமல் தண்டனை முடிந்துவிட்டது!

மறுபக்கமும் உண்டு

கடுமையான சட்டம் வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. பயங்கரவாதி சாதாரணத் திருடன் அல்ல. அவனுக்கு எல்லை தாண்டிப் பணம் வருகிறது; ஆயுதம் வருகிறது. சாட்சி சொல்ல மக்கள் அஞ்சுகிறார்கள். உண்மைதான். வெளிநாட்டுப் பணத்தை முடக்கவும், கொலைகார இயக்கங்களைத் தடை செய்யவும் விசேஷ அதிகாரம் தேவையே. அந்த அதிகாரங்கள் இன்று சட்டத்தில் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மேலும் மேலும் சேர்ப்பதால் என்ன பயன் என்பதே கேள்வி.

2008 நவம்பர் 26-ந் தேதி இரவை நினைத்துப் பார்க்கலாம். பத்துப் பேர் கராச்சியிலிருந்து கடல் வழியே பம்பாயில் வந்து இறங்கினர். 166 பேர் உயிரிழந்தனர். அன்று கரையைக் காக்கும் காவல் ஓட்டை நிறைந்திருந்தது. கமாண்டோப் படை டில்லிக்கு அருகே மானேசரிலிருந்து வர வேண்டியிருந்தது. அதற்குள் பொழுது விடிந்துவிட்டது. பிறகுதான் சென்னை, பம்பாய், கல்கத்தா, ஐதராபாத் நகரங்களில் அப்படையின் பிரிவுகளை வைத்தார்கள். உயிரோடு பிடிபட்ட கசாப்பைத் தண்டிக்க அதற்குப் பின் வந்த திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. கொலை, நாட்டின் மீது போர் தொடுத்தல் ஆகிய பழைய பிரிவுகளே அவனைத் தூக்குமேடை வரை கொண்டு போகப் போதுமாயிருந்தன. வக்கீலும் கொடுத்து, பகிரங்கமாக விசாரித்து, 18 மாதத்துக்குள் கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு வந்துவிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

செய்ய வேண்டியது என்ன?

நாட்டில் போலீஸ் இலாகாக்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் 2020 தொடக்கத்தில் காலியாகக் கிடந்தன. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று 1987-லேயே சட்டக் கமிஷன் சொல்லிற்று. அதில் பாதிகூட இன்னும் எட்டவில்லை. புலனாய்வு வேலையைச் சட்டம் ஒழுங்கு வேலையிலிருந்து பிரியுங்கள் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. காலையில் கொலை வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் மாலையில் மந்திரியின் ஊர்வலத்துக்குக் காவல் நின்றால், துப்புத் துலங்குவது எப்படி? சாட்சிகளைக் காப்பாற்றும் திட்டத்துக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புதல் கொடுத்தது. சாட்சிக்குக் காவல் கிடைத்தால் சாட்சியின் பயம் போகும். பயம் போனால் வாக்குமூலத்துக்காகத் தடியைத் தேட வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும், உழைப்பு வேண்டும், பொறுமை வேண்டும். புதுச் சட்டத்துக்கோ காகிதமும் மையும் போதும். அதனால்தான் அரசாங்கங்களுக்குப் புதுச் சட்டத்தின் மீது இவ்வளவு ஆசை!

வீட்டில் திருட்டுப் போயிற்று. வீட்டுக்காரன் கடைக்கு ஓடி இன்னொரு பூட்டு வாங்கி வந்தான். பழைய பூட்டு நல்ல பூட்டுதான்; அன்றிரவு அதைப் பூட்ட மறந்ததுதான் குற்றம். கதவில் பூட்டுகள் பெருகிக்கொண்டே போனால், கடைசியில் வீட்டிலிருப்பவர்களே வெளியே வர முடியாமல் போகும். சாவி வைத்திருப்பவன் விழித்திருந்தால் ஒரு பூட்டே போதும்.